பாதிரியை விரட்டியவர்

ஸ்காப்திக்குப் பாவ புண்ணியத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. இருபது வருடமாக ஹெர்ரிங் மீன்படகில் விஞ்ச் ஓட்டுபவர். வலையை மேலே இழுக்கும் அந்தப் பொறியின் கைப்பிடியை அவர் தள்ளும் ஒவ்வொரு தடவையும் கணக்கில்லாத உயிர் போகும். அதற்காக அவரோ, ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் இருந்த அந்த ஊரில் வேறு யாருமோ, ஒரு வாய் உணவைக் குறைத்ததில்லை.

விஞ்ச் சத்தம் கேட்டால் ஓர்கா திமிங்கிலங்கள் வந்துவிடும். வலை ஏறும்போது சிதறுகிற மீன் அவற்றுக்கு. முதலில் வருபவள் எப்போதும் ஒருத்திதான். முதுகெல்லாம் கருப்பு, கழுத்தடியில் பாதிரியாரின் கழுத்துப்பட்டை மாதிரி வெள்ளை. அதனால் பாதிரி என்று பெயர் வைத்திருந்தார்கள். மறுவருடம் அவள் குட்டியோடு வந்து நின்றாள்.

"பாதிரின்னு பேரு வெச்சா, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்குதேப்பா!" என்றான் சமையல்காரன் பெர்சி.

"நம்ம ஊர்ப் பாதிரிக்கு ஆறு பிள்ளை. இவ இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கா," என்றார் படகுத் தலைவர் ஹால்வர்துர்.

நசுங்கிய மீனைக் கையால் எடுத்து அவளுக்குப் போடுவது ஸ்காப்தியின் வழக்கம். யாரும் சொல்லிச் செய்ததல்ல. அவள் தலையை நீட்டி வாயைத் திறப்பாள். பார்த்துப் பார்த்துக் குட்டியும் திறக்கக் கற்றுக்கொண்டது.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தார். வெயில் ஊர் ஒன்றில் பெரிய குளம் கட்டி, சுற்றிலும் நாற்காலி போட்டிருக்கிறார்களாம். அதில் விட ஒரு குட்டி ஓர்கா வேண்டும்.

"கிட்ட வருமா?" என்று கேட்டார்.

"ஸ்காப்தி மீன் போட்டா வரும்," என்றார் ஹால்வர்துர்.

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் ஸ்காப்திக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் மீன் போட்டார். குட்டி வந்தது. வலை விழுந்தது. துணித் தொட்டிலில் கிடத்தி அதை மேலே தூக்கியது அவர் விஞ்ச்தான். குட்டி கத்திய சத்தம் இயந்திரத்தைத் தாண்டிக் கேட்டது. பாதிரி துறைமுக வாய் வரை படகோடு ஒட்டியே வந்தாள்.

மாதங்கள் கழித்து ஒரு வண்ணப்படம் வந்து சேர்ந்தது. குட்டி பந்தை மூக்கில் தாங்கிக்கொண்டிருந்தது. மீன் உப்பிடும் கொட்டகையில் அதை ஒட்டிவைத்தார்கள். நம் ஊர்ப் பிள்ளை வெளிநாட்டில் நல்ல நிலைமையில் இருக்கிறது என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

ஸ்காப்தி அந்தச் சந்தோஷத்தில் சேர முடியாமல் போனதற்குக் காரணம் பாதிரி. குட்டியைக் கொடுத்த மறுநாளே விஞ்ச் சத்தம் கேட்டு வந்துவிட்டாள். தலையை நீட்டி, வாயைத் திறந்து நின்றாள். முகத்தைத் திருப்பியிருந்தால், படகை ஒரு மோது மோதியிருந்தால், அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

வீட்டில் மனைவி உன்னுர் கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை திமிங்கிலக் கறி ரெண்டு தட்டு தின்னீங்க. அப்ப வராத துக்கம் இப்ப எங்கிருந்து வந்துச்சு?"

"தட்டுல வந்தது என்னை நம்பி வரலை," என்றார் ஸ்காப்தி.

உன்னுர் உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள்.

அடுத்த பருவத்துக்கு இன்னொரு குட்டி வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர் சொல்லியனுப்பினார். பாதிரியின் கூட்டத்தில் புதிதாக இரண்டு குட்டிகள் இருந்தன. ஸ்காப்தி ஒரு முடிவுக்கு வந்தார். வெளிநாட்டுக்காரர் வருவதற்குள் பாதிரியைத் தன்மேல் நம்பிக்கை இழக்க வைத்துவிட வேண்டும். அவள் விலகினால் கூட்டமும் விலகும்.

பெர்சியின் மூட்டையிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்து எறிந்தார். வலிக்காமல் விரட்டலாம் என்பது எண்ணம். பாதிரி அதை வாயில் கவ்வி, படகருகே கொண்டுவந்து துப்பிவிட்டு, அடுத்ததற்குக் காத்திருந்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள்.

"டேய், ராத்திரிச் சாப்பாட்டைக் கடல்ல போடுறான்டா!" என்று பெர்சி அலறினான். "மன்னிப்புக் கேக்குறதுன்னா வாயால கேளுய்யா, என் கிழங்கை ஏன்யா எறியறே?"

கடைசியில் வலையில் கட்டும் ஈயக்குண்டை எடுத்தார். அது கண்ணுக்குப் பக்கத்தில் பட்டது. பாதிரி மூச்சை ஒருமுறை ஊதினாள், அவரைப் பார்த்தாள், கீழே போனாள். பிறகு அந்தப் படகின் பக்கமே வரவில்லை. தான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று ஸ்காப்தி நினைத்தார். நினைத்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வெளிநாட்டுக்காரர் வந்தார். ஹால்வர்துரின் படகில் விஞ்ச் உறுமியது. கடல் காலியாகக் கிடந்தது. அப்போது ரேடியோவில் பக்கத்துப் படகின் கீஸ்லி சிரித்தார்.

"உங்க பாதிரி இங்கதான் இருக்கா! கூட்டம் மொத்தமும் இருக்கு. என் கையிலேயே திங்கறா!"

ஹால்வர்துர் படகைத் திருப்பினார். ஆனால் நெருங்குவதற்குள்ளேயே திமிங்கிலங்களின் முதுகுத் துடுப்புகள் எல்லாம் திரும்பி ஆழத்துக்குப் போய்விட்டன.

"உங்க இன்ஜின் சத்தம் கேட்டதுமே போயிட்டா," என்றார் கீஸ்லி. "என்னய்யா பண்ணீங்க அவளை?"

வெளிநாட்டுக்காரர் முட்டாள் இல்லை. "அப்படின்னா நாளைக்கு அந்தப் படகுலயே போவோம்," என்றார்.

மீன்படகுகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்க, ஸ்காப்தி ரேடியோவை எடுத்தார். "கீஸ்லி, உன் படகுல ஆள் வேணுமா?"

"ஆள் குறையுதுதான். வா. உருளைக்கிழங்கை மட்டும் வீட்டுலயே வெச்சிட்டு வந்துடு!" ரேடியோ முழுக்கச் சிரிப்பு.

ஹால்வர்துர் சிரிக்கவில்லை. "போனா திரும்பி வராதேய்யா," என்றார்.

ஸ்காப்தி உருளைக்கிழங்கு கொண்டுபோகவில்லை. கோட்டுப் பையில் ஈயக்குண்டு இருந்தது.

கீஸ்லியின் விஞ்ச் ஓடியது. பாதிரி வந்தாள், பின்னால் குட்டிகள். வெளிநாட்டுக்காரரின் ஆட்கள் வலையோடு தயாராக நின்றார்கள். மேல்தட்டின் ஓரத்தில் கீஸ்லிக்குப் பக்கத்தில் நின்ற ஸ்காப்தியை அவள் கவனிக்கவில்லை; சத்தத்தை நம்பி வந்தவள். கையெட்டும் தூரத்தில் தலையை நீட்டி வாயைத் திறந்தாள்.

ஸ்காப்தி வலது கையால் ஈயக்குண்டை எறிந்தார். குறி தவறவில்லை.

தண்ணீர் கொந்தளித்தது. பிறகு கடலில் ஒரு துடுப்பும் தெரியவில்லை. வெளிநாட்டுக்காரர் தன் மொழியில் என்னவோ கத்தினார். கீஸ்லி தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்:

"இனிமே என்கிட்டயும் வரமாட்டா, இல்ல?"

"வரமாட்டா," என்றார் ஸ்காப்தி.

அப்போதுதான் தன் இடது கையைக் கவனித்தார். நசுங்கிய ஹெர்ரிங் ஒன்று அதில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. விஞ்ச் ஓடினால் அந்தக் கை தானாகவே கீழே போய் ஒரு மீனை எடுத்துவிடும். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்.