மேடம் வராத நாளின் பயணப்படி

வீட்டில் தமிழ், வண்டியில் தெலுங்கு என்று ஓடுகிற பிழைப்பு என்னுடையது. தலைநகரத்து லோத்குண்டாக்காரனான நான் ஒரு பெண் எம்.எல்.ஏ.வுக்குக் கார் ஓட்டுகிறேன். ஜெயித்தது மேடம். போன் எடுப்பது, ஆள் வைப்பது, ஆளை அனுப்புவது எல்லாம் அவர் வீட்டுக்காரர்; எனக்குச் சார். எங்கள் தெருச் சாய்க்கடைக்காரர் என்னைக் கண்டதும் கேட்பார்: "உங்க எம்.எல்.ஏ.வோட எம்.எல்.ஏ. சௌக்கியமா?"

அன்று காலை தொகுதியிலிருந்து சட்டசபைக்கு வந்துகொண்டிருந்தோம். உப்பல் சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. முன் சீட்டிலிருந்த சார் ஒரு தாளைப் பின் சீட்டிலிருந்த மேடத்திடம் நீட்டினார். போன மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கான பயணப்படி பில்.

"கையெழுத்துப் போடு. சட்டசபை வாசல்லயே பி.ஏ. வாங்கிக்குவான்."

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். நான் வரவே இல்லையே."

"கார் வந்துச்சுல்ல? டீசல் எரிஞ்சது பொய்யா?"

கார் வந்தது நிஜம்தான். கச்சிபௌலியில் ஒரு கல்யாணத்துக்குச் சாரை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தது.

"உறுப்பினர் வந்தாத்தான் படி. உறுப்பினரோட கார் வந்தா கிடையாது," என்றார் மேடம். "நான் பயணம் செஞ்சேன்னு இதுல எழுதியிருக்கு. கமிட்டி வருகைப் பதிவுல என் கையெழுத்து இல்ல. மாட்டினா டி.வி.யில காட்டுறது என் முகத்தை."

"அவ்வளவு சந்தேகம்னா டிரைவரையே கேளு." சார் என் பக்கம் திரும்பினார். "என்னப்பா, அன்னைக்கு மேடம் வந்தாங்கதானே?"

என்னை வேலைக்கு வைத்தவர் பக்கத்தில். கண்ணாடியில் மேடத்தின் கண்கள். என் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. இங்கே ஆமாம் என்று சொல்லிவிட்டால், நாளைக்கு எவன் விசாரித்தாலும் அதையேதான் சொல்லியாக வேண்டும்.

"நீங்க மட்டும்தான் வந்தீங்க சார்."

"வண்டிய ஓரங்கட்டு."

நிறுத்தினேன். பின்னால் ஆட்டோக்காரன் திட்டினான். சார் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தார். "நீயும் இறங்கு."

"சபைக்கு நேரமாச்சு," என்றார் மேடம். கையெழுத்துப் போடாத தாளை முன் சீட்டில் வைத்தார். "நீங்க ஓட்டுங்க அண்ணா."

சார் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

சட்டசபை வாசலில் இறங்கி மேடம் உள்ளே போனதும் சார் கேட்டார்: "தெரியலன்னு சொல்ல வாய் வரலியா உனக்கு?"

"என்னைக் கேட்காம இருந்திருக்கலாம் சார்."

முறைத்தார். அப்புறம் பாக்கெட்டில் கை விட்டு, சாய் வாங்கி வரச் சொன்னார். ரெண்டு, என்றார்.