வயிறில்லாத மனிதர் சாப்பிட்ட மத்தியானம்

எங்கள் தெருவில் இப்போது மூன்று உடற்பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. மூன்றிலும் கண்ணாடி அதிகம், காற்றுக் குறைவு. போன மாதம் கொழும்பிலிருந்து யாரோ ஒரு ஆணழகன் வந்தான் என்று முப்பது பையன்கள் மழையில் வரிசையாக நின்று, அவன் தோளைத் தொட்டுத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் நான் மருந்துக் கடைக்குச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. தாங்கள் கும்பிடுகிறவனை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படம் சாப்பிடாது.

எனக்கு இருபத்திரண்டு வயதில் அப்படி ஒரு படம் இருந்தது. பத்திரிகையிலிருந்து வெட்டி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தேன். கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரர், ஆணழகன் பட்டத்தை இரண்டு முறை வாங்கியவர். மற்றவர்கள் கையைக் காட்டிப் பெயர் வாங்கினால் இவர் வயிற்றைக் காட்டிப் பெயர் வாங்கினார். சரியாகச் சொன்னால், வயிறு இல்லாததைக் காட்டி. மூச்சை வெளியே விட்டு வயிற்றை உள்ளே இழுத்தால் விலா எலும்புகளுக்குக் கீழே ஒரு குழி விழும். அந்தக் குழிக்குள் ஒரு முழுத் தேங்காயை வைக்கலாம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். நாங்கள் என்றால், கண்டி கட்டுக்கலையில் பலகை விற்கும் ஒரு மரக்காலைக்குப் பின்னால் லொறி அச்சையும் சீமெந்து நிரப்பிய டின்களையும் தூக்கிக்கொண்டிருந்த ஒன்பது பேர்.

அப்பா கண்டியில் சைவச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். எஸ்.எஸ்.சி. முடித்த மகன் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது அவர் முடிவு. கொழும்புக்குப் போய் அந்த மனிதரின் கூடத்தில் சேர வேண்டும் என்பது என் முடிவு. ஒரு வருடம் வீட்டில் இதே பேச்சு. நாங்கள் ஒன்பது பேரும் ஒரு போட்டி வைத்து அவரையே நடுவராகவும் பிரதம விருந்தினராகவும் அழைத்தபோது, அப்பா ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்.

“அந்த ஆளே ஒன்னயப் பாத்துட்டு வாடான்னு கூப்பிட்டா, போ. கூப்பிடலன்னா பேசாம வந்து கல்லால உக்காரு.”

எனக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைத்திருக்காது.

போட்டியன்று அவர் காலை ரயிலில் வந்து இறங்கினார். என் காது உயரம்தான் இருந்தார். பத்திரிகைக்காரன் தரையில் படுத்துக்கொண்டு படம் எடுத்திருக்க வேண்டும். நிலையத்திலிருந்து எங்கள் கடை வரை நடக்கும்போது என்னிடம் கேட்டது இரண்டே கேள்விகள்: சனம் வருமா, பத்திரிகைக்காரர்கள் வருவார்களா. முந்தின இரவிலிருந்து தான் எதுவும் சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, மேடையேறும் நாளில் அப்படித்தான் என்றார். உதடு வெடித்திருந்தது.

கடையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. ஆனால் மணி பதினொன்றரை, சாம்பாரை இறக்கியிருந்தார்கள். அப்பா இலையைப் போட்டார். அவர் வேண்டாம் என்றார். எங்கள் ஆட்களிடம் வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வெட்கத்துக்கு; மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள் சோறு இலையில் விழுந்திருக்கும்.

“வேணாங்க ஐயா, இன்னைக்கு மேடை இருக்கு.”

“அதுக்குத்தான் சொல்றேன் தம்பி. வெறும் வயித்தோட ஏறி மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னா ஊருக்கில்ல கேவலம்.”

நான் நடுவில் புகுந்து விளக்கப் பார்த்தேன். அப்பா என் பக்கம் திரும்பாமலே, ஒனக்கென்னடா தெரியும் என்றார். அந்த மனிதர் எழுந்து போயிருக்கலாம். கால் இருந்தது, கதவு திறந்திருந்தது. சாம்பார் சோற்றை ஒரு வாய் குழைத்து வைத்தார். அதற்குப் பிறகு வேண்டாம் என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை. மூன்று முறை சோறு, நான்கு அப்பளம், இரண்டு டம்ளர் பாயசம், பிறகு மோர். நான் எண்ணினேன். எண்ணாமல் என்ன செய்வது? என் கொழும்பு அல்லவா உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மாலை ஒரு பாடசாலை மண்டபத்தில் போட்டி. உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு நான் ஐந்து நிலைகள் காட்டினேன். முன்வரிசைக் கதிரையில் நடுவர் அவற்றில் இரண்டுக்குக் கண் திறந்திருந்தார். மற்ற மூன்றுக்கும் நாடி நெஞ்சில் இடிக்கத் தூங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் தட்டி எழுப்பியவர் மரக்காலை முதலாளி. பரிசு முதலாளியின் மருமகனுக்குப் போனது.

கடைசியாக அவர் மேடையேறினார். கையைக் காட்டினார், முதுகைக் காட்டினார், பரவாயில்லை. பிறகு சனம் காத்திருந்த அந்த நிலைக்கு வந்தார். கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்து, மூச்சை விட்டு, இழுத்தார். வயிறு போகவில்லை. மறுபடியும் இழுத்தார். கொஞ்சம் முன்னால் வந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன் மிகவும் அக்கறையான குரலில் கேட்டான்:

“அண்ணே, எத்தன மாசம்?”

அதற்குப் பிறகு அங்கே நடந்தது வெறும் சிரிப்பு.

திரைக்குப் பின்னால் அவர் துவாயால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபமாக இருப்பார் என்று பயந்துகொண்டே போனேன். கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கேவலமாகப் பட்டது. கொழும்புக்கு வந்து உங்களிடம் பயிற்சி எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் என் தோளைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை.

“தாராளமா வாங்க தம்பி. கூடத்துக்குப் பின்னால ஒரு அறை சும்மாதான் கெடக்கு. சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை போடலாம்னு ரொம்ப நாளா யோசனை. ஒங்க அப்பாகிட்ட அந்தச் சாம்பார் பக்குவத்த மட்டும் கேட்டுட்டு வந்துருங்க.”

இரண்டு வருடம் சீமெந்து டின் தூக்கியதற்கு இதுதான் தீர்ப்பு.

கடைக்குத் திரும்பியபோது இரவுச் சாப்பாட்டுக் கூட்டம். அப்பா கரண்டியும் கையுமாக நின்றார்.

“என்னடா சொன்னாரு?”

“வரச் சொன்னாரு.”

கரண்டியை வாளிக்குள் வைத்தார். பேசின பேச்சை மாற்றத் தெரியாத மனிதர். எப்பப் போற என்று கேட்டார். போகவில்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. காரணத்தை அவரே உண்டாக்கிக்கொண்டார். மறுநாள் காலை நான் கல்லாவில் உட்கார்ந்ததிலிருந்து, இட்லிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினார்: கொழும்பில் அவ்வளவு பெரிய ஆள் நேரில் கூப்பிட்டும், அப்பாவைத் தனியாக விடமாட்டேன் என்று மகன் நின்றுவிட்டான். பதினெட்டு வருடம், சாகிற வரைக்கும், சொன்னார். தெல்தெனியவிலிருந்து காய்கறி கொண்டுவருகிறவரிடம் மட்டும் ஆறு முறை சொன்னார். காய்கறிக்காரரும் ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்பி, இப்படிப் பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்பார். நான் அவருக்குக் கொடுக்க வேண்டிய மிச்சத்தை எண்ணிக்கொண்டிருப்பேன்.