நோஜிரிக்கு ஒரு கொழுக்கட்டை

ஜப்பானின் கிசோ மலைக்காட்டின் வாசலில், நடக்க வருகிறவர்களுக்காக இரத்த அழுத்தம் பார்க்கும் இயந்திரம் இருந்தது. காலையில் உள்ளே போகும்முன் இனாகாகி அதில் கையை விட்டார். ஒரு சுற்று நடந்து வந்து மறுபடி விட்டார். அழுத்தம் ஏறியிருந்தது.

"நடந்தீங்களா, ஓடினீங்களா?" என்றாள் மனைவி ரியோகோ. "மரத்தைப் பாருங்கன்னா போனையே பார்த்துட்டு வர்றீங்க."

"மரமும் பார்த்தேன். உயரமா இருக்கு."

நகோயாவில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் அவர் பிரிவுத் தலைவர். பக்கத்து மேசை நோஜிரி, வசந்தத்தில் ஒரு விடுமுறை நாளில் வேலை பார்க்க வந்தவர், நாற்காலியில் சாய்ந்தபடியே இறந்துபோனார். அதிலிருந்து இனாகாகிக்குத் தூக்கம் போயிற்று. மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "காட்டுல போய்ச் சும்மா உட்காருங்க. இப்படியே போனா அடுத்தது நீங்கதான்."

சும்மா உட்காருவதுதான் வரவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது. ஓடைச் சத்தம் பிரிண்டர் ஓடுவதுபோல் கேட்டது. இதற்கு நடுவில் இன்னொரு குடைச்சல்: விடுப்பில் வெளியூர் போனவர் அந்த ஊர்ப் பலகாரம் எல்லோருக்கும் வாங்காமல், வெறுங்கையோடு ஆபீசுக்குத் திரும்ப முடியாது; அது அங்கே வழக்கம்.

"உடம்பு சரியில்லாதவர் பலகாரத்தோட போய் நிப்பீங்களா?"

"என் வேலையையும் சேர்த்து அவங்கதான் இழுக்கிறாங்க, ரியோகோ."

காட்டு வாசலை ஒட்டிய கடையில், அகன்ற மர இலைகளில் சுற்றி அவித்த கொழுக்கட்டைகள் காம்போடு கொத்துக் கொத்தாகத் தொங்கின.

"எத்தனை பேருக்குங்க?" என்றாள் கடைக்காரம்மா.

இனாகாகி கண்ணை மூடி, மேசை மேசையாக விரல் மடக்கினார். "ஜன்னலோரம் ஹத்தோரி... கதவுகிட்ட புதுசா வந்த பொண்ணு... நோஜிரிக்கு இனிப்பு கம்மியா..."

விரல் நின்றது.

"இனிப்பு கம்மியா செய்யறதில்லைங்களே. அப்ப அவருக்கு வேண்டாமா?"

ரியோகோ குனிந்து செருப்பைப் பார்த்தாள்.

"வேணும்" என்றார் இனாகாகி.

பையோடு மறுபடி காட்டுக்குள் போனார். ரியோகோ பின்னால் நடந்தாள். ஒரு சைப்ரஸ் மரத்தின் வேரில் உட்கார்ந்து, கொத்திலிருந்து ஒன்றைப் பிய்த்தார். மாவு இலையில் ஒட்டிக்கொண்டது. பல்லால் சுரண்டித் தின்றார்.

"தித்திப்பு. அவனுக்குப் பிடிச்சிருக்காது."

"தின்னு முடிச்சிட்டு, உங்ககிட்ட வந்து புலம்பியிருப்பார்."

இனாகாகி சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. இறுதிச் சடங்கில் வராத கண்ணீர் இப்போது மூக்கு வழியாகவும் வந்தது. ரியோகோ கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு மரங்களைப் பார்த்தாள்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவர் இலையை மடித்துக்கொண்டிருந்தார். அது அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

"பஸ் வந்துடும்" என்றாள் ரியோகோ.

"அடுத்ததுல போகலாம்."

கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.