தையல்காரன் காலும் இன்ஷூரன்ஸ்காரர் காகிதமும்

ராயப்பேட்டை மார்க்கெட் பக்கம் என் தையல் கடை, அதுக்குப் பின்னாலயே வீடு. சட்டைன்னா அந்த வட்டாரத்துல என் சட்டைதான், சும்மா பெருமைக்குச் சொல்லல. காலர் படிஞ்சிருக்கிறதை வச்சே இது யார் கைவேலைன்னு மயிலாப்பூர் வக்கீலுங்க சொல்லிடுவாங்க. வலது காலை மிஷின் மிதியில வச்சேன்னா ஒரு முழுக்கை தைச்சு முடிக்கிற வரைக்கும் எடுக்கமாட்டேன்.

அந்தக் கால்லதான் பஸ் மோதிச்சு. தைச்ச சட்டையைக் குடுக்க லஸ் பக்கம் போய்க்கினு இருந்தேன். நின்ன டிராமை முந்தப் பார்த்த மோட்டார் பஸ் ஓரத்துக்கு ஏறி வந்து, என்னைக் கடைப் படியோட வச்சு நெருக்கிட்டுது. முட்டி உடைஞ்சு போட்ட மாவுக்கட்டைப் பிரிச்ச அன்னைக்கு டாக்டர், "முட்டி முன்னமாதிரி மடங்காதுப்பா"ன்னார். அவர் கெடக்கிறார், ரெண்டு மாசத்துல மிதிக்கிறேன் பாருன்னு வீட்ல சவால் விட்டுக்கினு இருந்தேன்.

பஸ் கம்பெனிக்கு இன்ஷூரன்ஸ் இருந்துது. நஷ்டஈடு விஷயமா விசாரிக்க அந்த ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் கோட்டும் தலைப்பாகையுமா ஒரு நாள் காலையில வந்தார். மயிலாப்பூர்க்காரர், மரியாதையான மனுஷர். வீடு தேடி வந்தவரை உக்காந்துகினே வான்னு சொல்ல முடியுமா? எழுந்து, நாற்காலியை நானே தூக்கிப் போட்டேன். முட்டிக்குள்ள ஊசி ஊசியாக் குத்துது, மூஞ்சியில காட்டுவேனா!

"சௌக்கியமா இருக்கேளா?"ன்னார்.

"அல்லா புண்ணியத்துல நல்லா கீறேங்க."

"வலி எல்லாம்?"

"அது இன்னா பெரிய வலி, போயிடும்."

"பஸ்காரன் மேல தப்புண்டா?"

"யாரைங்க குத்தம் சொல்றது, என் போறாத நேரம்."

வீட்டுக்கு வந்தவர்கிட்ட இதைத்தானே சொல்லுவோம்? அழுது வடிஞ்சா நல்லாவா இருக்கும்? அவர் எல்லாத்தையும் எழுதிக்கினார். டீ குடிச்சார். காகிதத்தை என் பக்கம் திருப்பி, "இங்கே ஒரு கையெழுத்து"ன்னார். நானும் பேனாவை வாங்கிட்டேன்.

என் சம்சாரம் கோஷா, வெளியாள் வந்தா திரைக்கு உள்ளதான் இருப்பா. உள்ளேர்ந்து குரல் வந்துது. "எழுதினதை ஒரு தபா படிச்சுக் காட்டச் சொல்லுங்க."

அவர் படிச்சார். ஆள் சௌக்கியம். எழுந்து நடக்கிறார், நாற்காலி தூக்குகிறார். வலி பெரிதாக இல்லை. யார் மேலும் குறை சொல்லவில்லை.

எனக்கு ரத்தம் கொதிச்சுது. "இன்னாங்க இது, டீ குடுத்த கைக்கு இதுவா?"ன்னேன். "கோவிச்சுக்காதீங்கோ, நீங்க சொன்னதைத்தானே எழுதினேன்"ன்னார். அதுவும் நெசந்தான், பொய்யா ஒரு வார்த்தை இல்ல. என் வாயே எனக்கு எதிரி. பேனாவைக் கீழ வச்சேன்.

"அவரை மிஷின்ல உக்காரச் சொல்லுங்க"ன்னா அவ. இந்தத் தடவை எனக்கில்ல, வந்தவருக்கே சொன்னா.

வீராப்பா உக்காந்தேன். துணியை வச்சேன், சக்கரத்தைத் தட்டினேன், மிதியில காலை வச்சேன். பாதம் அங்க இருந்துது, அவ்வளவுதான். அழுத்தினா முட்டி கேக்கல. மறுபடி அழுத்தினேன். ஊசி ரெண்டு தையல் போட்டுட்டு நின்னுட்டுது.

"எழுதிக்குங்க"ன்னேன். அளவு சொல்ற மாதிரிதான் சொன்னேன், கூடவும் இல்ல, குறைச்சலும் இல்ல. நான் ஓரத்துல போனேன், பஸ்தான் ஏறி வந்துது. பார்த்தவங்க கடைக்காரரும் டிராம் கண்டக்டரும். பஸ் இன்னா வேகம்னு கேட்டார், தெரியாதுன்னேன். முட்டி முன்னமாதிரி மடங்காதுன்னு டாக்டர் சொன்னார், அவர்கிட்டயே கேட்டுக்குங்க. எப்போ சரியாகும்னு கேட்டார்.

"இந்தக் கால் இனிமே மிஷின் மிதிக்காது"ன்னேன்.

டாக்டர் சொன்னப்போ அது அவர் பேச்சு. என் வாயால கேட்டப்போதான் எனக்கே தெரிஞ்சுது.

புதுசா எழுதினதை வரி வரியாப் படிச்சுக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். கிளம்பினார். யார் வந்தாலும் தெருமுனை வரைக்கும் கூடப் போய் அனுப்புறது என் வழக்கம். மிஷின் பலகையைப் பிடிச்சு எழுந்திருக்கப் பார்த்தேன். கால் நீட்டின வாக்குலயே பிடிச்சுக்கிச்சு. மறுபடி பார்த்தேன். முடியல.

அவர் வாசப்படியில நின்னு திரும்பிப் பார்த்தார். "பரவாயில்லே, உக்காருங்கோ"ன்னார்.

"அதையும் எழுதிக்குங்க"ன்னேன்.

உள்ள வந்து, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உக்காந்து, எழுதினார்.