என் இடது காதும் எட்டு ஆல்ட்டோ பெண்களும்

ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லும் முன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்தால் இது பாதி சாட்சிதான்.

நான் ராஜபாளையத்தில் குடியிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். அங்கே எங்கள் சபையின் பாடகர் குழுவையும் இருபது வருடமாக நடத்துகிறேன். எனக்கு முன்கோபம் அதிகம். குழுவில் எட்டுப் பெண்கள் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல் பாடுவார்கள். மேல்குரல் பெண்கள் எனக்கு நேரெதிரே. ஆண்கள் வலப்பக்கம். கோயிலில் பெண்கள் பக்கம் இடது என்பதால் ஆல்ட்டோ எப்போதும் என் இடது ஓரம்.

போன லெந்து நோன்புக் காலத்தில் பெரிய வெள்ளி ஆராதனைக்குப் பாட்டு பழகினோம். ஆல்ட்டோ கேட்கவே இல்லை. வாராவாரம் திட்டினேன். மூன்றாவது சனிக்கிழமை ஜெயாவைப் பிடித்துக்கொண்டேன். ஆல்ட்டோவில் அவள்தான் முதல் குரல். வத்திராயிருப்பில் தையல் கடை வைத்திருக்கிறாள். பஸ் ஏறிப் பயிற்சிக்கு வருவாள்.

"ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"பாடிட்டுத்தானக்கா இருக்கேன்."

"எங்க பாடுத? எனக்குக் கேக்கலையே!"

பாட்டுத்தாளை பெஞ்சில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். அடுத்த வாரம் வரவில்லை. போனால் போகட்டும் என்றிருந்தேன்.

ஆரம்ப சுரம் பிடிக்க என்னிடம் ஒரு டியூனிங் ஃபோர்க் உண்டு. இரண்டு கால் உள்ள கம்பி. முழங்காலில் தட்டிக் காதோரம் வைத்தால் சுரம் கேட்கும். எப்போதும் வலது கை, வலது காதுதான். ஒரு நாள் வகுப்பில் வலது கையில் சாக்பீஸ் இருந்ததால் இடது கையால் தட்டி இடது காதில் வைத்தேன். சத்தமில்லை. மறுபடி தட்டினேன். "சே, ஃபோர்க் கெட்டுப்போச்சே" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, புதிது வாங்க வேண்டும் என்று குறித்தும் வைத்தேன்.

அது வெறும் எஃகுத் துண்டு. கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது? அந்த யோசனை வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் வந்தது. அங்கேயே தட்டி வலது காதில் வைத்தேன். கணீரென்று கேட்டது. இடது காதில் கொஞ்ச நாளாக ஒரு இரைச்சல் இருந்தது உண்மை. சளி என்று விட்டுவிட்டேன்.

மதுரையில் டாக்டர் சொன்னார்: "ஆரம்பத்துலயே வந்திருக்கணும்மா. ஊசி போட்டுப் பாப்போம். உறுதி சொல்ல முடியாது."

அதற்குப் பிறகு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். ஃபோர்க்கைத் தட்டித் தட்டி முழங்கால் கன்றிப்போனது. காதுக்குள் கிரைண்டர் ஓடுகிற மாதிரி இரைச்சல் மட்டும். காது போனால் குழுவும் போச்சு, வேலையும் போச்சு. "உமக்குத்தானே பாடினேன்? எனக்கா இப்படி?" என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். கண்ணை மூடினால் எழுந்து போன ஜெயாவின் முதுகுதான் தெரிந்தது. கடைசியில், "எனக்குக் கேட்க வையும்" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வத்திராயிருப்பு பஸ் ஏறினேன்.

என்னைப் பார்த்தும் ஜெயா தையல் மிஷினை நிறுத்தவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தப்பு என் மேல்தான் என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் என் இடது தோளைத் தொட்டாள்.

"யக்கா, மூணு தடவ கூப்பிட்டேன். காதுல விழலையா?"

"இந்தப் பக்கம் விழாது ஜெயா. அன்னைக்கும் விழல. நீ பாடிட்டுத்தான் இருந்திருக்க."

சொல்லி முடிக்கும் முன் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயாவும் பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். பிறகு எழுந்து என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப எங்கள இந்தப் பக்கம் நிப்பாட்ட வேண்டியதுதானக்கா. இதுக்குப் போயா இம்புட்டு அழுக?"

இருபது வருடம் குழு நடத்தியவளுக்கு அது தோன்றவில்லை பாருங்கள்!

பெண்கள் ஆண்கள் பக்கம் நிற்பதா என்று சபையில் இரண்டு பேர் முறைத்தார்கள். "பாடத்தானே, நிக்கட்டும்" என்று போதகர் முடித்துவிட்டார். பெரிய வெள்ளியன்று எட்டுப் பேரும் வலப்பக்கம் நின்றார்கள். அவர்கள் பாட எடுத்ததும் அந்தக் கீழ்க்குரல் என் நல்ல காதுக்குள் நேராக வந்தது. ஐயோ, இந்தப் பிள்ளைகளையா திட்டினேன்! கையை உயர்த்திக் கண்ணைத் துடைத்தேன். அதையும் சைகை என்று நினைத்து ஆண்கள் ஒரு வரி முந்திப் பாடிவிட்டார்கள். அன்றைக்கு யாரையும் திட்டவில்லை.

இடது காது முழுதாகத் திரும்பவில்லை. ஊசிக்குப் பிறகு பஸ் ஹாரன் கேட்கிறது, ஃபோர்க் கேட்கவில்லை. இரைச்சலும் போகவில்லை. இன்றைக்கும் காலையில் ஒரு தடவை தட்டிப் பார்க்கத்தான் செய்கிறேன். என்னைச் சும்மா உட்கார வைப்பது ஆண்டவருக்கே பெரிய வேலைதான். ஆனால் கேட்க வையும் என்று கேட்டேன், கேட்க வைத்தார். அவருக்கு ஸ்தோத்திரம். இப்போதெல்லாம் யார் குரலாவது கேட்கவில்லை என்றால், அவர்கள் பக்கத்தில் போய் நின்று கேட்கிறேன்.

பதில் வரவில்லையே என்று நிலைகொள்ளாமல் தவிக்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். விடாமல் அவரைக் கேளுங்கள். நடுவில் யாருடைய முகமாவது வந்து உறுத்தினால், அடுத்த பஸ்ஸிலேயே அவர்களிடம் போய்விடுங்கள். என் ஜெபத்துக்குப் பதில் வத்திராயிருப்பில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தது.