பீச்சாங்கைக்கு மட்டும் பன்னீர்

காலையில் கேம்ப் குழாயடியில் பல் துலக்குகிறவர்களின் முகத்தைப் பன்னீர்செல்வம் பார்ப்பதில்லை. பிரஷ் எந்தக் கையில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார். மெஸ்ஸில் பார்த்துப் பயனில்லை. சோற்றுக்கு எல்லாரும் வலது கைதான். சின்ன வயதில் வாங்கிய அடி அப்படி. பிரஷ் பொய் சொல்லாது. இடது கை ஒன்று அகப்பட்டால் வாய் நிறைய நுரையோடு விசாரிப்பார்: "தம்பி, பௌலிங் போடுவியா?"

சவூதியில், யான்பு ரிஃபைனரியில் சாரம் கட்டுகிற வேலை. பெரம்பலூர்ப் பக்கத்து ஆள். கீழே நின்று கிளாம்பை எறிகிற கூட்டாளி இடது கைக்காரன். ஆறு வருஷம் அதைப் பிடித்துப் பிடித்து, இடது கையிலிருந்து எது கிளம்பினாலும் எங்கே வந்து சேரும் என்று பன்னீருக்குத் தெரியும். வலது கைக்காரன் போட்டாலோ, கொசு விரட்டுகிறவர் போல மட்டையை வீசுவார்.

"சோத்தாங்கை போட்டா எனக்குக் கண்ணு அவிஞ்சிரும் பாய். பீச்சாங்கைய போடச் சொல்லுங்க, பந்து செங்கடல்ல கெடக்கும்."

"இந்த ஊர்ல பீச்சாங்கை பௌலரே மூணு பேருதான் அண்ணே. அதுக்காவ ஒங்கள வருஷம் பூரா சொமக்கணுமா?" என்பார் கேம்ப் டீம் கேப்டன் மக்தூம், காயல்பட்டினத்துக்காரர். ஆனாலும் சுமந்தார். மூன்று வருஷத்தில் பன்னீருக்குக் கிடைத்த இடது கைப் பந்துகள் மொத்தம் பதினொன்று. ஒன்பது எல்லையைத் தாண்டின. மற்ற வெள்ளிக்கிழமை ஆட்டங்களில் தண்ணீர் டிரம்முக்குக் காவல்.

தொண்ணூற்றாறில் ஃபைனல். அடுத்த புதன்கிழமை பன்னீருக்கு எக்ஸிட். போனால் திரும்ப வரப்போவதில்லை. எதிரணியில் மஹ்மூது, கீழக்கரைப் பையன், அந்த மூவரில் மகா பொல்லாதவன்.

"ஒரே ஒரு ஓவர் பாய். மஹ்மூத அடிச்சேன்னு சொல்லிட்டு ஊரு போய்ச் சேர்றேன்."

கடைசி ஓவர், பதினேழு ரன் வேண்டும், பந்து மஹ்மூது கையில். முந்தின ஓவரின் கடைசிப் பந்தில்தான் ஒருவன் ரன் அவுட் ஆகியிருந்தான். மக்தூம் திரும்பினார்: "யல்லா, எறங்குங்கண்ணே!"

பன்னீர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு போனார். அங்கே மஹ்மூதும் அவன் கேப்டனும் என்னவோ பேசினார்கள். பந்து கை மாறியது. போட வந்தது அந்தக் கேப்டனே, வலது கை. இரண்டாவது பந்தில் ஸ்டம்புக்குப் பதில் நிறுத்தியிருந்த பெயின்ட் டப்பா உருண்டது.

அடுத்து இறங்கிய சுரேஷ்குமார் அதே ஆளை மூன்று சிக்ஸர் விளாசினான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"பாத்தீங்களா பாய், அந்தக் கேப்டன் பய எப்படிக் கவுத்தான்னு?"

"கலாஸ், விடுங்கண்ணே. கப்பு வந்துருச்சுல்ல?"

"கப்பு ஒங்களுக்கு. டக்கு எனக்கு."

புதன்கிழமை அந்தத் தொங்கிப்போன மூஞ்சியோடுதான் பஸ் ஏறினார்.

இரண்டு மாதம் கழித்து, டிஸ்பென்சரி வரிசையில் மக்தூமுக்கு முன்னால் மஹ்மூது நின்றான். "ஒங்க கேப்டன் கெட்டிக்காரர்ப்பா, நேரம் பாத்து ஒன்ன மாத்திட்டாரு" என்றார் மக்தூம்.

"காக்கா, அவரு எங்க மாத்துனாரு? போடு போடுன்னு திட்டுனாரு. ஒங்க சாரங்கட்டி வர்றதப் பாத்ததும், நான்தான் பந்த அவரு கையில திணிச்சிட்டு எல்லைக் கோட்டுக்கு ஓடிட்டேன்."