நான் எழுதாமல் விட்ட மாத்திரை

அப்பாவின் வலது கண்ணில் புரை எடுக்க, பொன்முடி எஸ்டேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டி வந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எந்தக் காகிதமானாலும் என் கைக்குத்தான் வரும்.

ஆஸ்பத்திரியில் படிவத்தை என்னிடம் கொடுத்துவிட்டு நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிரஷருக்கு மருந்து? உண்டு. சுகருக்கு? இல்லை.

"மூத்திரம் போறதுக்குக் குளிகை எதாவது சாப்பிடுறாரா?"

இரண்டு வருஷமாகத் தினம் ஒன்று சாப்பிடுகிறார். வீட்டில் அம்மாகூட அந்த மாத்திரையைப் பற்றிச் சத்தமாகப் பேசமாட்டாள். அந்த நர்ஸோ எஸ்டேட்டில் எங்கள் வரிசை வீடுகளுக்கு அடுத்த லயத்துப் பெண், அப்பாவை மாமா என்று கூப்பிடுகிறவள். அப்பா என் தொடையைக் கிள்ளினார். கண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் நினைத்தேன்.

"இல்ல" என்றேன். அப்படியே எழுதியும் கொடுத்தேன்.

சீக்கிரம் முடியும் என்ற ஆபரேஷன் நீண்டுகொண்டே போனது. வெளியே வந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"மோனே, அந்த மருந்து சாப்பிட்டவங்களுக்குக் கண்மணி சரியா விரியாது. சுத்தியுள்ள திரை நனஞ்ச துணி மாதிரி துவண்டு வெளிய வரும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா அதுக்குத் தயாரா இருந்திருப்போமே."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"என்னடா சொன்னாங்க?" என்றார் அப்பா.

"புரை ரொம்ப முத்திப்போச்சாம்."

இப்போது அந்தக் கண்மணி ஒரு பக்கம் இழுத்தபடி இருக்கிறது. வெயில் பட்டால் கூசி, ரோட்டிலேயே நின்றுவிடுகிறார். லயத்தில் எல்லோரிடமும், "அந்த டாக்டரம்மாவுக்குக் கை நடுங்குதுப்பா" என்பார். "உம்ம மூஞ்சியப் பாத்து நடுங்கியிருக்கும்" என்று சிரிப்பார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இடது கண்ணும் மங்கியது. ஆபரேஷனுக்குக் கூப்பிட்டால், "இதையும் அந்தம்மாகிட்ட கொடுக்க நான் என்ன கிறுக்கனா?" என்றார். ஒரு வருஷம் போய்விட்டது. வெளியே வெயிலில் முகம் தெரியாமல் குரலை வைத்துத்தான் ஆளைச் சொல்கிறார்.

போன மாதம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நான் கிள்ளுனேன், சரி. படிச்ச பயதானே நீ? கிள்ளுனா வாய மூடிக்குவியா?"

பிறகு, "அப்ப அந்தம்மாவ லயம் பூரா நான் ஏசுனது?" என்றார்.

இடது கண்ணுக்கு அவரிடமே போவோம் என்றேன்.

"இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா அங்க போவேன்?"

வாராவாரம் கூப்பிடுகிறேன். இன்னும் வர மாட்டேன் என்கிறார்.